சனிக்கிழமைக்கு ஏழு வாக்கியம்

இல்ல மேடம், அது சமையல் குறிப்பு இல்ல. கிட்டப் போய்ப் பாருங்க. இடது பக்கம் இங்கிலீஷு, வலது பக்கம் லத்தீன். ஆமா, லத்தீன்தான். மீன் வெட்டறவன் வீட்டு ஃபிரிஜ் கதவுல லத்தீன் எதுக்குன்னு கேக்கறீங்க. கேக்கலியா. உங்க புருவம் கேட்டுச்சே.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க. டீல பால் உண்டுல்ல. கைய ரெண்டு தடவ கழுவிட்டேன், எலுமிச்சம்பழம் போட்டு. இருந்தாலும் கொஞ்சம் அடிக்கும். கிரிம்ஸ்பில பொறந்துட்டு மீன் வாசம் அடிக்காம இருக்கணும்னா ஊர விட்டுத்தான் போகணும். என்ன விட்டுட்டு டோனா போயிட்டா பாருங்க. பதினாறு மைல் தள்ளி, லவுத்ல, பூச்செடி வச்ச வீடு. எங்க பொண்ணு மேபெல் இங்கேர்ந்து போனதும் அவ கோட்ட வாங்கி வெளில கொடில போட்டுருவாளாம். குத்தம் சொல்லல மேடம், எழுதாதீங்க. நானா இருந்தாலும் போடுவேன்.

சொன்னேனே போன்லயே. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன். பொண்ணு வெள்ளிக்கிழம ராத்திரியும் இங்க தங்கணும்னு கேட்டேன்ல, அது வேணாம். இப்ப வந்துட்டுப் போற சனிக்கிழமையும் வேணாம். எனக்கு வேன் வேலை வந்துருச்சு. சனிக்கிழம சனிக்கிழம. ஐஸ் பெட்டில மீன ஏத்திக்கிட்டு உள்ள இருக்கற ஊருங்களுக்குப் போயி வீடு வீடா விக்கறது. காலைல ஆறு மணிக்குக் கெளம்பினா திரும்ப சாயங்காலம் ஆறு. பொண்ண எப்படிப் பாத்துக்கறது. அவ்ளோதான் விஷயம். ஒரு கடுதாசி போட்டா போதும்னு நெனச்சேன், கோர்ட்டுலேர்ந்து நீங்க நேர்ல வந்துதான் எழுதணும்னு ஒரு முறை இருக்கு போல. சரி, எழுதுங்க.

மேபெல பாத்தீங்களா. செவ்வாக்கிழமையா. என்ன சொன்னா.

ம்.

சொல்லியிருப்பா. அப்பா வீட்டுக்குப் போறது புடிக்கும்னு சொல்லியிருப்பா. ராத்திரி தங்கறதுக்கும் சரின்னு சொல்லிருப்பா, அப்படித்தானே. தலய இப்படி லேசா சாய்ச்சு, தலமுடிய காதுக்குப் பின்னால தள்ளிட்டு, ஆமா, பரவால்ல, எனக்கு ஓகேன்னு. பாத்தீங்களா, சிரிக்கறீங்க. அச்சு அசலா அவதான். நான் யார் குரல வேணா செய்வேன் மேடம். மார்க்கெட்ல ஏலம் விடறவர செய்வேன், அவர் மேலதிகாரிய செய்வேன், கடல்ல இருக்கற சீல் நாயக்கூட செய்வேன். நீங்க வந்து பத்து நிமிஷம் ஆகுது, அந்தப் பேனா மூடிய உதட்டுல வச்சு ம்ஹும்னு ஒரு சத்தம் குடுக்கறீங்க பாருங்க, அதயும் இப்பவே செஞ்சு காட்ட நாக்கு துடிக்குது. செய்ய மாட்டேன். நல்ல புள்ளயா இருக்கேன்.

டோனா என்னக் கட்டினதே அதுக்காகத்தான். அவ அம்மாவ நான் செஞ்சு காட்டினேன், சிரிச்சு சிரிச்சு செவுத்துல சாஞ்சுட்டா. விட்டுட்டுப் போனதும் அதுக்குத்தான். வக்கீல்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினேன், யாரு கூட நடத்தினேன்னு தெரியல, நான் ஒண்ணு கேட்டா என் அம்மா குரல்ல பதில் வருதுன்னு. நல்லாத்தான் சொல்லியிருக்கா. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. வக்கீல் சிரிக்கல.

ஏன் திடீர்னு மனச மாத்திக்கிட்டேன்னா. அதான் சொன்னேனே, வேன்.

அந்தத் தாளா. அது மேபெல் வர்ற அன்னிக்கு அங்க இருக்காது. வெள்ளிக்கிழம சாயங்காலம் கழட்டி ரொட்டி டப்பாவுக்குப் பின்னால சொருகிருவேன். அவ போனதும் மறுபடி ஒட்டுவேன். அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு. கேளுங்க, டீ சூடா இருக்கு, ஆறட்டும், அதுக்குள்ள சொல்லிடறேன்.

போன செப்டம்பர்ல அவ அந்த பரிச்ச எழுதிப் போற ஸ்கூல்ல சேந்தாள்ல. எங்க குடும்பத்துலயே அந்த கேட்டுக்குள்ள போன மொத ஆளு அவதான். இல்ல, நான் ஒரு தடவ போயிருக்கேன், பதினேழு வயசுல, ஜன்னல் கண்ணாடி மாட்ட. மொத சனிக்கிழமையே பைய தூக்கிட்டு வந்து இந்த மேசைல ஒரு புஸ்தகத்தப் போட்டா. லத்தீன். செத்துப்போன பாஷைல உனக்கு யாரும்மா கடுதாசி போடப்போறான்னு கேட்டேன். சிரிச்சா. அவளோட வாத்தியாரம்மா பேரு மிஸ் ப்ரிஸ்டோ. நான் பாத்ததே இல்ல. பாக்காட்டி என்ன, நானே ஒரு குரல் செஞ்சேன். மூக்கால, கொஞ்சம் வாத்து மாதிரி. மேபெஏஏல், உட்கார், முதுகை நிமித்து, ரோமாபுரி எரிந்துகொண்டிருக்கிறதுன்னு. அவ உருண்டு உருண்டு சிரிச்சா. பட்டாணிய தட்ட விட்டு கீழ கொட்டிட்டா.

அப்புறம் என்ன, வாராவாரம் மிஸ் ப்ரிஸ்டோ வருவாங்க. மீன் வறுக்கும்போது மிஸ் ப்ரிஸ்டோ, கிளீதார்ப்ஸ் கடக்கரைல நடந்தா மிஸ் ப்ரிஸ்டோ, ரெண்டு பென்னி காசு போட்டு விளையாடற மிஷின் முன்னாடி மிஸ் ப்ரிஸ்டோ. அஞ்சாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவங்க அப்படிப் பேச மாட்டாங்கப்பான்னா. சத்தமா இல்ல. புஸ்தகத்தப் பாத்துட்டே சொன்னா. நான் அதையும் மிஸ் ப்ரிஸ்டோ குரல்ல திருப்பிச் சொன்னேன். அவங்க அப்படிப் பேஏஏச மாட்டாங்கப்பா.

ஸ்கூல்ல பெத்தவங்கள கூப்பிட்டாங்க நவம்பர்ல. போனேன், சட்டை தேச்சுப் போட்டு. மிஸ் ப்ரிஸ்டோ இவ்ளோண்டு இருக்காங்க மேடம். இருவத்தஞ்சு வயசு இருக்கும். குரல் காத்து மாதிரி, காது குடுத்துக் கேக்கணும். உங்க பொண்ணு ரொம்ப நல்லா எழுதறா, ஆனா பேச மாட்டேங்கறா, வீட்லயும் அப்படித்தானான்னு கேட்டாங்க. இல்லீங்க, எங்க வீட்டுல எப்பவும் சிரிப்புதான்னேன். நான் சொன்னது பொய் இல்ல. சிரிப்புதான்.

அன்னிக்குத்தான் தோணுச்சு. இவ ஒரு பக்கம் படிச்சிட்டே போறா, நான் பட்டாணிய கிளறிட்டு நிக்கறேன். ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணு வேணுமேன்னு. சரி, நானும் கத்துக்கலாம்னு முடிவு பண்ணேன். திருட்டுத்தனமா. மார்ச் மாசம் அவளுக்கு பன்னெண்டு முடியுது. அன்னிக்கு கேக் வெட்டும்போது சாதாரணமா ஒரு லத்தீன் வாக்கியத்த எடுத்து விடறது. அவ மூஞ்சிய கற்பன பண்ணி பண்ணியே டிசம்பர் மாசம் பூரா ஓடிடுச்சு.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியணும்ல. அவ நோட்டுல அப்ப நடந்திட்டிருந்தது இந்த இணைப்புச் சொல்லுங்கதான். இங்கிலீஷ்லயே ஏழு இருக்காம் மேடம், எனக்கு நாப்பத்து நாலு வயசுல தெரியுது. ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. சின்ன ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துடறாங்களாம், எங்க காலத்துல இல்ல. இல்ல, இருந்துச்சோ என்னவோ, நான் வெளில நின்னுட்டிருந்திருப்பேன். ரெண்டு வாக்கியத்த சரிசமமா சேத்துக் கட்டற வார்த்தையாம். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு இல்ல, ரெண்டுக்கும் ஒரே மரியாத. எங்க மார்க்கெட்ல ரெண்டு வாக்கியத்த சேத்துக் கட்டறதுக்கு ஒரே ஒரு வார்த்ததான் மேடம், அத உங்க முன்னாடி சொல்ல முடியாது. யெட்டுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத நான் பொறந்ததுலேர்ந்து வாயால சொன்னதே இல்ல.

லத்தீன்ல இன்னும் ஜாஸ்தி. எத்துன்னா அண்ட். ஸெத்துன்னா பட். நெக்குன்னா அதுவும் இல்ல இதுவும் இல்ல. நாம்னா ஏன்னா. இதாக்வேன்னா அதனால. க்வேன்னு ஒண்ணு இருக்கு, அது தனியா நிக்கவே நிக்காது, ரெண்டாவது ஆளு முதுகுல ஏறி உக்காந்துக்கும். டோனாவோட இப்பத்த புருஷன் மாதிரி. இத எழுதாதீங்க.

யாரு சொல்லிக் குடுத்தான்னா, லெஷெக். போலந்துக்காரன், எனக்கு எதுத்தாப்புல நின்னு வெட்டறவன். சின்ன வயசுல பூசைக்கு மணி ஆட்டினவன், அப்புறம் பாதிரியாருக்கு ரெண்டு வருஷம் படிச்சுட்டு ஒரு பொண்ணப் பாத்துட்டு ஓடி வந்துட்டான். அந்தப் பொண்ணுதான் ஐஸ் போடற இடத்துல நிக்கறா, குரல் ஊருக்கே கேக்கும். லெஷெக், உனக்கு லத்தீன் வருமாடான்னு கேட்டேன். அவன் கத்திய நிறுத்தாமலே சொன்னான். டேரன், எனக்கு லத்தீன் வரும், உனக்கு வேலை இருக்கு, வாய மூடு.

ஆனா சொல்லிக் குடுத்தான். எப்படின்னு கேளுங்க. ஹேடக் மீனுக்கு ரெண்டு பக்கம்ல. தலைக்குப் பின்னால கத்திய எறக்கி, முள்ள ஒட்டி வால் வரைக்கும் ஒரே இழுப்பு, ஒரு பக்கம் சதை கழண்டு வந்துரும். திருப்பிப் போட்டு அடுத்த இழுப்பு. லெஷெக் என்ன சொன்னான், மொத பக்கத்துக்கு இங்கிலீஷு, மறுபக்கத்துக்கு லத்தீனு. அண்ட்டுன்னு ஒரு இழுப்பு, எத்துன்னு ஒரு இழுப்பு. பட், ஸெத். ஒரு காலைக்கு முந்நூறு மீனு, நானூறு மீனு. ஏழு வார்த்த எத்தன தடவ சுத்தி வரும்னு கணக்குப் போட்டுக்கோங்க. தப்பாச் சொன்னா மீன் தலைய எடுத்து எறிவான். மொத நாளு எனக்குப் பதினாலு தல. நெத்தில ஒண்ணு, மத்ததெல்லாம் ஏப்ரன்ல. பேக்கிங்ல இருக்கற பொம்பளைங்க வேற, என்னடா போப்பாண்டவரே, இன்னிக்குப் பாவமன்னிப்பு உண்டாங்கறாளுங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன் போற போக்குல எத்துன்னு கத்திட்டுப் போவான், அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்.

ஆர் மட்டும் எனக்கு ஏறவே இல்ல. அங்க ரெண்டு விதமா இருக்கு. ஔத்துன்னா ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு போச்சு. வெல்னா எதுன்னாலும் சரி, ரெண்டும்னாலும் சரி. லெஷெக் இப்படி விளக்கினான். டேரன், தட்டுல ஹேடக் மீனா காட் மீனான்னு கேட்டா ஔத். உப்பா வினிகரான்னு கேட்டா வெல், ரெண்டையும் கொட்டிக்கோன்னு. அப்பத்தான் புரிஞ்சுது. உங்க கோர்ட்டு ஃபாரத்துல ரெண்டாவது வகையே கெடையாது மேடம், கவனிச்சிருக்கீங்களா. எல்லா கட்டமும் ஔத்துதான்.

கையா. ஒண்ணுமில்ல, பழைய வெட்டு. ஐஸ்லயே கை கெடக்குறதால மரத்துப் போயிடும், அறுபட்டாக்கூட தெரியாது. ரத்தத்தப் பாத்துதான் தெரியும், அதுவும் யாராவது சொன்னா. வலி வீட்டுக்கு வந்து கை சூடானப்புறம்தான் வரும். சில நாளு வராமலே போயிடும்.

எங்க விட்டேன். ஜனவரி. ஜனவரில எனக்கு ஏழும் தண்ணி பட்ட பாடு. அனாதப் புள்ளைங்களுக்குன்னு பழைய சாமான் விக்கற கடைல ஒரு டிக்‌ஷனரி கெடச்சுது, மொத பக்கத்துல யாரோ ரெஜினால்டுன்னு பேர் எழுதி, கீழ மிஸ்டர் பாக்ஸ் ஒரு பன்னின்னு எழுதிருந்தான். அத வச்சுக்கிட்டு வார்த்த வார்த்தயா தேட ஆரம்பிச்சேன். அப்பா, அம்மா, மீனு, வீடு, போறேன், வர்றேன். சின்ன வாக்கியம் படிக்க வந்துருச்சு. நான், டேரன் கிளார்ஜஸ், ஸ்கூல்ல வாசக்கதவுகிட்ட நின்னே பாதி வருஷம் ஓட்டினவன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சனிக்கிழம. மழ. வெளில போகல. மேபெல் இதே மேசைல உக்காந்து ஹோம்வொர்க் எழுதறா, நான் அடுப்புகிட்ட. என்னம்மா எழுதறேன்னேன். இணைப்புச் சொல்லு ஏழ வச்சு ஏழு வாக்கியம்ப்பான்னா. எதப் பத்தின்னேன். கொஞ்சம் யோசிச்சா. மீன் பத்தின்னா. எனக்குள்ள குஷி தாங்கல, வெளில காட்டிக்கல. எங்க, படி பாப்போம், ரோமாபுரி ராணி மாதிரி படின்னேன். அவ என்னப் பாத்தா. உங்களுக்குத்தான் புரியாதேப்பான்னா. புரியாட்டி என்ன, சத்தம் கேக்கறேன்னேன்.

எழுந்து நின்னு படிச்சா மேடம். நோட்டப் பாத்து ஒரு வரி, என்னப் பாத்து ஒரு வரி. வேகமாப் படிச்சா, எனக்கு முழுசாப் புடிக்க முடியல. நடுநடுவுல எத்து வந்துச்சு, ஸெத்து வந்துச்சு, நெக்கு வந்துச்சு. கரண்டியப் புடிச்சுட்டு உள்ளுக்குள்ள எண்ணிட்டே இருந்தேன். ஏழு வந்துச்சு. என் பொண்ணு ஏழையும் சரியாப் போட்டுட்டான்னு அவ்ளோ பெரும. கை தட்டினேன். அப்புறம் அவ படிச்ச மாதிரியே ஒரு தடவ படிச்சுக் காட்டினேன், வார்த்த ஒண்ணும் இல்லாம வெறும் சத்தத்துல. நல்லா வந்துச்சு. அவ நோட்ட மூடிட்டு, மீன் கருகுதுப்பான்னா.

ஆறு மணிக்கு டோனா கார்ல ஹாரன் அடிச்சா. மேபெல் ஓடினா. நோட்டு சோபாவுலயே கெடந்துச்சு. பச்ச அட்ட.

படிக்கலாமா கூடாதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். ஹோம்வொர்க் தான, டைரி இல்லியே. ரெஜினால்டோட டிக்‌ஷனரிய எடுத்துட்டு உக்காந்தேன். ஒரு மணி நேரம் பக்கம் ஆச்சு. ஏழுக்கு ஏழும் புரிஞ்சுது. ஸ்கூல்ல எனக்கு எதுலயும் ஏழுக்கு ஏழு வந்ததில்ல.

சொல்றேன் இருங்க. மனப்பாடம்தான்.

சனிக்கிழம அப்பா வீட்டுக்குப் போறேன், மீன் சாப்பிடறேன். அது எத். அப்பா பல பேர் மாதிரி பேசறார், நான் சிரிக்கறேன். அதுல க்வே, சிரிக்கறேனோட முதுகுல. சரியாப் போட்டிருந்தா. புஸ்தகம் படிக்கறேன், இல்லாட்டி ஆறு மணிக்கு எவ்ளோ நேரம் இருக்குன்னு எண்ணறேன். அது ஔத். அப்பா நெறய பேசறார், ஆனா ஒண்ணும் கேக்கறதில்ல. இத அம்மாகிட்டயும் சொல்லல, அப்பாகிட்டயும் சொல்லல. நெக், நெக், ரெண்டு தடவ போடணும், போட்டிருந்தா. சனிக்கிழம எங்க வீட்டுலயே இருக்கணும்னு ஆசையா இருக்கு, இருக்க மாட்டேன், ஏன்னா அப்பா அழுவார். கடைசி வரி ரொம்பச் சின்னது. அதனால போறேன்.

மீன் பத்தின்னு சொன்னது பொய் இல்ல, மொத வரில மீன் இருக்கு.

நான் அழல மேடம். அதான் ஆச்சரியம். அப்பா அழுவார்னு எழுதியிருக்கு, நான் பாட்டுக்கு எந்திரிச்சு தட்டக் கழுவினேன். அப்புறம் வாணலிய தேச்சேன். ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல லவுத்துக்கு வண்டிய எடுத்துட்டுப் போயி, மணி அடிக்காம, கதவுல இருக்கற கடுதாசிப் பொந்துல நோட்டப் போட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் போன் பண்ணா. நோட்டப் போட்டது நீங்களாப்பா, தெறந்து பாத்தீங்களான்னா. பாத்தேன்மா, மீன் முள்ளக் கொட்டி வச்ச மாதிரி இருந்துச்சு, ஒரு எழுத்து வெளங்கலன்னேன். சிரிச்சா. இது அந்தச் சிரிப்பு இல்ல, உள்ளேர்ந்து மூச்சு விட்ட சிரிப்பு.

இல்ல, அவகிட்ட பேசிப் பாத்தேன். உடனே கைய விட்டுட்டேன்னு நெனக்காதீங்க. அடுத்த சனிக்கிழம வந்தா. சரி, கேக்கறதில்லங்கற, கேட்டுருவோம்னு நெனச்சேன். குரல் மாத்தல, ஒண்ணும் மாத்தல, என் சொந்தக் குரல்ல. அது எப்படி இருக்கும்னு எனக்கே சரியா நெனப்பில்ல. ஸ்கூல்ல மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடறேன்னு கேட்டேன். சொன்னா. ராத்திரி தூக்கம் வருதான்னேன். வருதுன்னா. உனக்கு என்ன பாட்டு புடிக்கும்னேன். எதாவது பயம் இருக்கான்னேன். வரிசயா வந்துச்சு, நிறுத்தத் தெரியல. அவ முள்கரண்டிய கீழ வச்சுட்டா. மூஞ்சி வெளுத்துருச்சு. ஏம்ப்பா இப்படிக் கேக்கறீங்க, உங்களுக்கு உடம்பு சரியில்லியா, அம்மா எதாவது சொன்னாங்களான்னா. ஆஸ்பத்திரில எதாவது சொல்லிட்டாங்களான்னா.

என்ன பண்ணச் சொல்றீங்க. மிஸ் ப்ரிஸ்டோவ எறக்கினேன். மேபெஏஏல், மீனை மென்று சாப்பிடுன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சாத்தான் அப்பாவுக்கு நல்லாயிருக்கும்னு சிரிச்சா. இப்பத் தெரியுதுல்ல, அந்தச் சிரிப்பு எது, இந்தச் சிரிப்பு எதுன்னு. சாயங்காலம் வரைக்கும் செஞ்சேன். அவளும் அதுவரைக்கும் சிரிச்சா. ரெண்டு பேரும் ரொம்பக் கஷ்டப்பட்டு வேல பாத்தோம் அன்னிக்கு.

திங்கக்கிழம முதலாளிகிட்டப் போனேன். வேன் தானா வரல மேடம். நாந்தான் போய் கேட்டேன். சனிக்கிழம ஓட்டறவன் முட்டி வலி முட்டி வலின்னு மொனகிட்டிருந்தான், அவனுக்குப் பதிலா நான் போறேன்னேன். உனக்குப் பொண்ணு வர்ற நாளாச்சேடான்னாரு. அது மாறிடுச்சுன்னேன். லெஷெக்கிட்ட ஒரு வார்த்த மட்டும் கேட்டிருந்தேன், அழுவார்ங்கறதுக்கு லத்தீன்ல இதுதானான்னு, டிக்‌ஷனரில அந்த வார்த்த அப்படி முடியல. ஆமான்னான். யாருன்னு கேக்கல. அன்னிக்கு நான் எல்லாம் தப்புத்தப்பாச் சொன்னேன், ஒரு தல கூட எறியல.

உங்களுக்கு எழுத கஷ்டமா இருக்கும், தெரியுது. அவ சரின்னு சொன்னத நீங்க எழுதி வச்சிருக்கீங்க, நான் வேணாங்கறேன். இருக்கட்டும். ரெண்டும் இருக்கட்டும். அவ வர ஆசப்பட்டா, அப்பனுக்குத்தான் வேல வந்துருச்சு, அவன் விட்டுட்டான்னு இருக்கட்டும். நாளைக்கு அவ பெரியவளாயி அந்தப் பேப்பர எடுத்துப் பாத்தா, தான் வேணாம்னு சொன்னதா ஒரு எழுத்து அதுல இருக்கக்கூடாது. பொய் எழுதச் சொல்லல. வேன் இருக்கு, வேணும்னா சாவிய எடுத்துக் காட்டறேன்.

சொல்லிட்டேன், அவளுக்கும் சொல்லிட்டேன். நேத்து, போன்ல. இப்படி ஒரு வேல வந்துருக்கும்மா, சனிக்கிழம முடியாது போல இருக்குன்னேன். லைன் போயிருச்சோன்னு பாத்தேன். அப்புறம், எத்தன வாரத்துக்குப்பான்னா. தெரியலம்மா, கொஞ்ச நாளாகும்னேன். சரிப்பான்னா. உங்களுக்கு வருத்தமாயில்லியேன்னா. வேன் ஓட்டறது ஜாலிம்மா, வழில ஒரு பொம்பள பூனைக்கு மட்டும் மீன் வாங்குவாளாம், அவ தின்றது வெறும் உருளக்கெழங்குதானாம்னேன். குரல் மாத்திச் சொல்ல வாய் வந்துச்சு. விட்டுட்டேன்.

அப்புறம் அவ பேச ஆரம்பிச்சா. நான் ஒண்ணும் கேக்கல. எதையோ ஒண்ண ஆரம்பிச்சா, பஸ்ல ஒரு பொண்ணு இவளுக்கு இடம் புடிச்சு வக்கறதப் பத்தி, அது எங்கேர்ந்தோ எங்கயோ போச்சு. அவளுக்கு நாய் புடிக்குமாம், எனக்குத் தெரியாது. நாப்பது நிமிஷம். நான் இந்த நாற்காலில உக்காந்து ம் கொட்டினேன், ம், ம்னு. அவ்ளோதான். நடுவுல அவளே ஒரு தடவ நிறுத்தி, அப்பா, இருக்கீங்களான்னா. இருக்கேம்மான்னேன்.